மோரிப்பில் நிறுத்திய வீடு

என் வீட்டுக்காரர் ஜெயராஜ் ஒருநாள் சாயங்காலம் ஆரஞ்சு நிற வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கேஸ் அடுப்பு இருந்தது. அடுப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது எண்பத்து நாலாம் வருஷம். நாங்கள் சுங்கை பூலோவில் இருந்தோம். இவர் ஒரு லோரி பட்டறையில் தலைமை மெக்கானிக். பட்டறைக்கு வந்துபோகும் ஆஸ்திரேலிய எஞ்சினியர் ஒருவர் நாடு திரும்பும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போன ஃபோக்ஸ்வாகன் கொம்பி அது. பின் இருக்கையை இழுத்தால் கட்டில். கூரையைத் தள்ளினால் ஒரு பக்கமாக மேலே எழும்பும், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். கைப் பம்பை அமுக்கினால் சின்னத் தொட்டியில் தண்ணீர் கொட்டும். ஜன்னலுக்கெல்லாம் திரை. ஒவ்வொன்றையும் திறந்து மூடிக் காட்டிக்கொண்டே வந்தார். தலை நரைத்த ஆளின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“இதுல படுக்கலாம், சமைக்கலாம், சாமான் கழுவலாம். எங்க வேணும்னாலும் போலாம் மணி.”

“யாரு சமைக்கிறது? யாரு கழுவுறது?” என்று கேட்டேன்.

அவர் கூரையை இறக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஜனங்களுக்கு ஊர் சுற்றுவது என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. ஹோட்டலில் தங்கினால் தொலைந்தோம். “ஏன், நாங்க செத்தா போயிட்டோம்?” என்று ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். பெண்கள் நேராக அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க வேண்டும். பினாங்கு பார்க்கப் போனேன். பார்த்தது இவருடைய சித்தப்பா வீட்டு அடுப்படி. தைப்பிங்கில் மழை நன்றாகப் பெய்தது, அதை ஓர் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூரில் ஓர் இரவு தங்கியதில்லை. இந்த லட்சணத்தில் அடுப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிற வண்டி என்றால் யாருக்குத்தான் எரியாது?

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். முடிவு என்னுடையது, தலையாட்டியது அவர். ஒரே ஒரு பயணம். எனக்குப் பிடித்தால் வண்டி இருக்கும். பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட வேண்டும், மறுபேச்சு கிடையாது.

“வண்டிக்குள்ள நீ கையை நனைக்க வேணாம் மணி. எல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்றார். பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

பிள்ளைகள் இருவரும் ஹாஸ்டலில் இருந்தார்கள். இவர் லீவு போட்டார். கிள்ளான், பந்திங், மோரிப் வழியாகக் கடலோரமாகவே போர்ட் டிக்சன் வரைக்கும் போவதாகத் திட்டம். கிளம்புகிற நாளில் நானே கொஞ்சம் ஆசையோடுதான் ஏறி உட்கார்ந்தேன். அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

கிள்ளானுக்குப் போக வேண்டிய வண்டி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் திரும்பியது. இவருடைய அக்கா, எனக்கு அண்ணி முறையான தனபாக்கியம், அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். புது வண்டிக்குப் பூசை போடாமல் தூரப் பயணம் போகக் கூடாது என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாராம். கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. கிளம்பலாம் என்று பார்த்தால் அண்ணி உள்ளே எட்டிப் பார்த்து அடுப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

“அடுப்பு இருக்குல்ல? அப்ப இது வீடு. வீட்டுக்குப் பால் காய்ச்சாம எப்படிப்பா?”

கோயில் வாசலிலேயே வண்டிக்குள் பால் பொங்கியது. பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அண்ணி சந்தோஷமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவர் துணியை வைத்துக்கொண்டு தவித்தார்.

“சரி அண்ணி, வீடுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ராத்திரி அதுலயே தூங்கிக்கிறோம்” என்றேன்.

“என் வீட்டு வாசல்ல, தெருவுலயா? பாக்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

பால் காய்ச்சும்போது வீடாக இருந்தது தூங்கும்போது தெருவாகிவிட்டது. இவர் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. நாங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். அண்ணியின் பையன்கள் டிரான்சிஸ்டர் சகிதம் வண்டியில் படுத்தார்கள். விடிவதற்கு முன்னால் நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கிள்ளானைத் தாண்டி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணி அதற்குள் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் இருக்கும் என் தம்பி விஜயனுக்குப் போன் போட்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு மெயின் ரோட்டில் வந்து நின்று வண்டியை மறித்தான்.

“என்ன மச்சான், நம்ம ஏரியாவைத் தாண்டிப் போறீங்க, தம்பியைப் பாக்காம போயிடுவீங்களா? நண்டு வாங்கி வச்சிருக்கேன் லா.”

அவன் வீட்டு வாசலில் கம்பத்து ஜனம் எல்லாம் கூடிவிட்டது. பிள்ளைகள் கூரையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி தொட்டியை முழம் போட்டு அளந்து பார்த்து, “இதுல மீன் கழுவ முடியாதே” என்று கவலைப்பட்டார். விஜயனின் கூட்டாளிகள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். இவர் அவர்களுக்கு எஞ்சினைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். நான் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு வாளி நண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கும் எங்களுக்குக் கூடம்தான். வண்டியில் கூட்டாளி ஒருவர் குறட்டை விட்டது கூடம் வரைக்கும் கேட்டது.

கிளம்பும்போது விஜயன் சிரித்துக்கொண்டே சொன்னான். “அலமேலு அக்காகிட்ட சொல்லிட்டேன்கா. எஸ்டேட் ஆபிசுக்குப் போன் பண்ணி வச்சுட்டேன். கோழி அடிச்சு வைக்கிறேன்னு சொல்லுச்சு.”

அலமேலு என் சொந்த அக்கா. கேரி தீவில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் இருக்கிறாள். என்னை எடுத்து வளர்த்தவள் என்றே சொல்லலாம். அவள் வீட்டுக்குப் போகாமல் அந்தப் பக்கம் காற்றுகூடக் கடக்க முடியாது. அவள் வீட்டில் ஓர் இரவு என்றால் லீவும் முடிந்தது, பயணமும் முடிந்தது.

பண்டமாரானை விட்டு வெளியே வந்தோம். பிறகு இவர்தான் பேசினார்.

“திங்கக்கிழமை பேப்பர்ல விளம்பரம் குடுத்துடுறேன் மணி. வண்டிக்கு ஆள் கிடைக்கும்.”

சண்டை போடுகிற குரல் இல்லை. குறை சொல்கிற குரலும் இல்லை. தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.  அந்தத் திரைகளை, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னாலேயே, அவரே பட்டறைச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கையால் தைத்திருந்தார். இரண்டு நாளாக அதன் பின்னால் ஊரார்தான் தூங்கினார்கள். என் விரல்களைப் பார்த்தேன். நண்டுக்குப் போட்ட மஞ்சள் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. எனக்கு வண்டி மேல் கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டி என்ன செய்யும் பாவம், அதில் நான் இன்னும் ஏறி வாழவே இல்லையே.

கேரி தீவுக்குப் பிரியும் முச்சந்தி வந்தது. இவர் நான் சொல்வதற்கு முன்னாலேயே சிக்னல் போட்டுவிட்டார். டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டிருந்தது.

“சிக்னலை அணைங்க” என்றேன்.

“அக்கா கோழி அடிச்சிருப்பாங்க.”

“அடிச்சிருப்பா. நேரா போங்க.”

என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு லோரிக்காரன் ஹாரன் அடித்தான். இவர் நேராகப் போனார்.  எனக்கு ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மோரிப்பில் சவுக்கு மரங்களுக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். கடல் உள்வாங்கி வெகுதூரத்துக்குச் சேறாகக் கிடந்தது. அழகான கடல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. கூரையை ஏற்றி, கட்டிலை இழுத்து விட்டார். நான் எழுந்தபோது, “உக்காரு” என்றார்.

சோறு வைத்தார். ஒரு டின் சார்டின் மீனை உடைத்து வெங்காயம், மிளகாய் போட்டுக் குழம்பு வைத்தார். வெங்காயத்தை அவர் வெட்டிய அழகைப் பார்க்க என் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். தட்டு என் மடிக்கு வந்தது. சோறு குழைந்திருந்தது, குழம்பில் புளி அதிகம். நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இருட்டும் வரைக்கும் என்னென்னவோ பேசினோம். யாரைப் பற்றியும் இல்லை, சும்மா பேசினோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோஷத்துக்கு இவ்வளவு வருஷம் ஆனதே என்று கொஞ்சம் அழுகையும் வந்தது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

காலையில் ஒரு ஹொண்டா கப் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். திரையை விலக்கிப் பார்த்தால் அக்காவின் வீட்டுக்காரர் வேலாயுதம் மாமா மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். பின்னால் டிபன் கேரியரை அணைத்துப் பிடித்தபடி என் அக்கா. ஆரஞ்சு வண்டி நேராகப் போனதை முச்சந்திக் கடைக்காரர் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

நான் இறங்கிப் போய் நின்றேன். அக்காவின் கண் சிவந்திருந்தது.

“கோழி அடிச்சு, குழம்பு வச்சு, ராத்திரி பூராவும் வாசல்லயே நிக்கிறேன். உனக்கு என் வீடு அவ்வளவு ஆகாமப் போச்சா மணி? ரோட்டோரத்துல வந்து படுத்திருக்க.”

பொய் சொல்ல நாக்கு வரை வந்தது. வண்டி கோளாறு, வழி தவறிவிட்டது, என்னென்னவோ. எதையும் சொல்ல மனசு வரவில்லை.

“ரோட்டோரம் இல்லக்கா. இது என் வீடு. நம்ம தனபாக்கியம் அண்ணி பால் காய்ச்சிக் குடுத்த வீடு. நீ இது வரைக்கும் என் வீட்டுக்கு வந்து தங்குனதே இல்ல. உள்ள வா.”

அக்கா என்னை முறைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறினாள். ஏறியதும் டிபன் கேரியரைத் திறந்து கரண்டியைத் தேட ஆரம்பித்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

“அக்கா, டீக்குச் சீனி எவ்வளவு?” என்று இவர் கேட்டார்.

“தம்பி, நீங்க தள்ளுங்க, நான் போடுறேன்.”

“நீங்க விருந்தாளி லா. சும்மா உக்காருங்க.”

விருந்தாளி என்ற சொல்லைக் கேட்டு அக்காவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. புடவையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டாள். டீயை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். இவர் கோழிக் குழம்பைச் சுடவைத்து ரொட்டியோடு தட்டில் வைத்துக் கொடுத்தார். அவள் ஒரு வாய் வைத்தாள், கொஞ்சம் நிறுத்தினாள்.

“நல்லா இருக்குடி. சூடா இருக்கு” என்றாள்.

தன் கையால் வைத்த குழம்பைத்தான் சொன்னாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் ஆறிக் கிடப்பதை வழித்துச் சாப்பிட்டே பழகியவள்.  தண்ணீர் எடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

மாமா கடலைப் பார்க்க நடந்து போயிருந்தார். அக்கா தட்டைக் கழுவ எழுந்தாள், இவர் பிடுங்கிக்கொண்டார். வேறு வழியில்லாமல் திரும்ப உட்கார்ந்தாள். “முதுகை மட்டும் கொஞ்சம் சாச்சுக்கிறேன்” என்றாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. நான் திரையை இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பகலில் அக்கா தூங்கி நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை.

தட்டைத் துடைத்து வைத்துவிட்டு இவர் என் காதருகே குனிந்தார்.

“மணி, அப்ப வண்டியை...”

“வித்துட்டு?” என்றேன். “இவளை எங்க கொண்டுபோய்த் தூங்க வைக்கிறது?”

 அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சத்தம் வராமல் கதவைத் திறந்து இறங்கி, மாமாவுக்கு ஒரு டீ எடுத்துக்கொண்டு கடல் பக்கம் நடந்தார்.