புளி போட்டுத் துலக்கிய எடைக்கற்கள்

நேசையா தராசு அறையின் கதவைத் திறந்தபோது காலை மணி ஏழு. பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் வருகிறார். பாளையங்கோட்டையின் அந்தச் சிறிய மிஷன் கல்லூரியில் பௌதிக ஆனர்ஸ் வகுப்பு தொடங்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வதற்காகவே சென்னையிலிருந்து ரயிலேறியிருந்தார்.

1912-இல் ஆனர்ஸ் என்பது புதுச் சங்கதி. ஒரே பாடத்தைக் கூடுதல் காலம் ஆழமாகப் படிக்க வேண்டும். அதைப் படிக்க விரும்பியவர்கள் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. முக்கூடலிலிருந்தும் பத்தமடையிலிருந்தும் வந்த நல்ல மாணவர்கள் பலர் சென்னைக்குப் போக வழியில்லாமல் குமாஸ்தா வேலைக்குப் போனதைப் பௌதிக ஆசிரியரான நேசையா வருஷாவருஷம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அனுமதி கிடைக்காவிட்டால் மிஷன் இன்னொரு தடவை முயலாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். மூன்று நாளாக நேசையாவுக்கு உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியவில்லை.

எடைக்கல் பெட்டியைத் திறந்தார். வெல்வெட் குழிகளுக்குள் பித்தளைக் கற்கள் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தன.

பெட்டியை மேசையில் வைத்தார்.

"கருத்தையா!"

ஆய்வுக்கூட உதவியாளர் கருத்தையா ஓடி வந்தான். தச்சநல்லூர்க்காரன், வேலையில் சுத்தம்.

"இதை என்னலே செஞ்ச?"

"துலக்குனேன் ஐயா. புளியும் செங்கப்பொடியும் போட்டு. ஹெட் கிளார்க் ஐயா நேத்து சொன்னாவ, கட்டடத்துல ஒரு பித்தளைகூட கறுப்பா இருக்கப்படாதுன்னு. மணி, கதவுக் கைப்பிடி, எல்லாம் முடிச்சுட்டு இதயும் எடுத்தேன். நல்லா இருக்குல்லா?"

நேசையா நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார்.

இந்தக் கற்களைக் கையால் தொடுவதே குற்றம். விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் எடைதான்; அதனால் யானைத்தந்த முனை வைத்த சாமணம் என்ற சிறு இடுக்கியால்தான் எடுப்பார்கள். புளி பித்தளையின் கறுப்பைக் கரைக்கும், செங்கற்பொடி உலோகத்தையே கொஞ்சம் சுரண்டும். சுரண்டியது மிகக் கொஞ்சம்தான், ஒரு கல்லுக்கு அரை நெல்மணி அளவு இருக்கலாம். ஆனால் இந்தத் தராசு ஒரு நெல்மணியை இருபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கைக் காட்டிக்கொடுக்கும். அந்த நுட்பத்தை நம்பித்தான் ஆனர்ஸே கேட்டிருந்தார்கள்.

தலைமைக் குமாஸ்தா தேவசிகாமணி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். நேசையாவைவிடப் பத்து வயது மூத்தவர். விண்ணப்பத்தின் நாற்பது பக்கத்தையும் தன் கையால் எழுதியவர்.

"என்ன வே, காலங்காத்தால சத்தம்?"

நேசையா சொன்னார். தேவசிகாமணி ஒரு கல்லை எடுக்கக் கையை நீட்டினார். "தொடாதீங்க அண்ணாச்சி!" என்ற அலறலில் கையை இழுத்துக்கொண்டார்.

"சரி, என் தப்புதான். பித்தளைன்னா பித்தளைன்னு நெனச்சிட்டேன். அதுக்கு ஏன் வே இப்படித் துடிக்கீரு? லண்டன்ல இருந்து வந்த சர்டிபிகேட் என் பீரோவுல இருக்கு. கேட்டா அதை நீட்டுவோம். துரை என்ன, நக்கியா பாக்கப் போறாரு?"

"கல்லு பொய் சொல்லுமே."

"உம்ம வாயி சும்மா இருந்தா கல்லு ஏன் வே பேசப்போவுது?"

நேசையா தராசின் கண்ணாடிக் கதவைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார். வலது தட்டில் ஒரு இருபது கிராம் கல் இருந்தது. கறுத்து, பழசாக, யாரும் தொடாமல்.

பெட்டியில் இருபது கிராம் கற்கள் இரண்டு உண்டு. ஒன்று பளபளத்துக் குழிக்குள் இருந்தது. மற்றது முந்தின நாளிலிருந்து தட்டிலேயே கிடந்திருக்கிறது. எதிர்ச் சுவரில் நேசையாவே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிய அட்டை தொங்கியது: 'தட்டில் எடைக்கல்லை விட்டுச் செல்லாதே.' நேற்று மாலை கடைசியாக எடை போட்டவர் அவர்தான்.

"இது ஒண்ணு போதும்" என்றார். "கருத்தையா, அந்தச் சின்னத் தகடெல்லாம் துலக்கினியா?"

"இல்ல ஐயா. தேய்ச்சா கிழிஞ்சிரும்னு விட்டுட்டேன்."

"பொழைச்சோம். சன்னலை மூடு. பைய நட, தரை அதிரப்படாது."

ஒரே ஒரு நம்பத்தக்க கல் இருந்தால் மற்ற எல்லாவற்றின் குறையையும் கண்டுபிடித்துவிடலாம். பளபளக்கும் இருபதை ஒரு தட்டிலும் கறுத்த இருபதை மறு தட்டிலும் வைத்தால், எது எவ்வளவு குறைவு என்று மில்லிகிராம் கணக்கிலான மெல்லிய தகட்டு எடைகள் சொல்லிவிடும். பிறகு பத்து, ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று, கூட்டினால் இருபது. அந்தக் கூட்டத்தைக் கறுத்த கல்லோடு நிறுக்க வேண்டும். அடுத்து பத்துக்கு எதிராக மற்ற நாலையும். இப்படியே பிரித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக மாட்டிக்கொள்ளும். ஐம்பதை இரண்டு இருபதோடும் பத்தோடும் நிறுத்துவிடலாம். தராசின் இரு கைகளும் ஒரே நீளம் என்று நம்பக் கூடாது; அதனால் ஒவ்வொரு எடையையும் தட்டு மாற்றி இரண்டு தரம் போட வேண்டும். ஏழு கல்லுக்கும் மொத்தம் பதினாலு எடை.

தராசு முள் நிற்கக் காத்திருந்தால் பொழுது போய்விடும். காத்திருக்கத் தேவையில்லை. முள் இடப்பக்கம் போய்த் திரும்பும் இடத்தை மூன்று தரம், வலப்பக்கம் திரும்பும் இடத்தை இரண்டு தரம் குறித்துக்கொண்டு சராசரி எடுத்தால், முள் எங்கே போய் நின்றிருக்கும் என்று அது ஆடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிடும்.

நேசையா முள்ளைப் பார்த்து எண்களைச் சொல்ல, தேவசிகாமணி முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். வெளியே ஒரு மாட்டுவண்டி போனால் முள் துள்ளியது. கருத்தையா வாசலுக்கு ஓடி வண்டிக்காரனிடம், "அங்கன சுத்திப் போம் ஐயா, உள்ள நெறுவை நடக்கு" என்று கெஞ்சினான்.

"கறிக்கடையில நிறுக்கது இதைவிடச் சுளுவு" என்றார் தேவசிகாமணி. ஆனால் கூட்டலில் ஒரு தப்பு விடவில்லை.

பத்தரைக்குப் பட்டியல் முடிந்தது. ஐம்பது கிராம் கல்லுக்கு எதிரே 'பதின்மூன்று மில்லிகிராம் குறைவு' என்று எழுதியபோது அவருடைய பேனாவே ஒரு கணம் தயங்கியது.

"இதைக் காட்டுனா நம்மளே நம்ம தலையில கல்லைப் போட்ட மாதிரிதான் வே. யோசிச்சுக்கிடும்."

நேசையா அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். குதிரை வண்டிச் சத்தம் கேட்டது.

ஆய்வாளர் மெலிந்த, வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரர். நூலகத்தில் கால் மணி, வகுப்பறையில் கால் மணி. தராசு அறைக்கு வந்ததும் கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறு மரச்சிமிழை எடுத்தார். உள்ளே ஐம்பது கிராம் கல் ஒன்று. போகிற கல்லூரிதோறும் அதை எடுத்துச் செல்வாராம்.

தேவசிகாமணி கையிலிருந்த லண்டன் சர்டிபிகேட்டை மடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"உங்கள் கற்கள் சரியானவையா?" என்று ஆய்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றார் நேசையா. "எவ்வளவு சரியில்லை என்பது இதில் இருக்கிறது." பட்டியலை நீட்டினார்.

ஆய்வாளர் தன் கல்லை ஒரு தட்டிலும் பளபளக்கும் ஐம்பதை மறு தட்டிலும் வைத்தார். முள் ஆடியது. அவரும் அதே ஐந்து திருப்பங்களைக் குறித்தார், தட்டை மாற்றி மறுபடி குறித்தார். அவர் கணக்குப் போட்டு முடித்து நிமிர்ந்தார்.

"எனக்குப் பன்னிரண்டரை வருகிறது. எதை நம்பி இதைக் கண்டுபிடித்தீர்கள்?"

"அந்தக் கறுத்த இருபதை."

"மற்றவை எல்லாம் தேய்க்கப்பட்டிருக்கின்றன. அது மட்டும் எப்படித் தப்பியது?" கேட்டுக்கொண்டே அவர் சுவர் அட்டையைப் பார்த்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

கருத்தையாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் எல்லோரும் அட்டையைப் பார்ப்பது புரிந்தது. தன் வேலை போயிற்று என்று நினைத்து முகம் செத்துப்போய் நின்றான்.

"தேய்த்தது எங்கள் அறியாமை. இவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை" என்றார் நேசையா. "அது தட்டிலேயே கிடந்ததால் தப்பியது. விட்டுவிட்டுப் போனது நான். அந்த அட்டையை எழுதியதும் நான்தான்."

ஆய்வாளர் தன் கல்லைச் சாமணத்தால் எடுத்துச் சிமிழில் வைத்தார். பட்டியலின் பிரதி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வண்டி போய்விட்டது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். தபால்காரர் வரும் நேரம் நேசையா வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். "ஆடுத முள்ளு எங்கன நிக்கும்னு முன்கூட்டியே சொல்லத் தெரிஞ்ச மனுசனுக்கு இதைச் சொல்லத் தெரியலியே வே" என்று தேவசிகாமணி சீண்டுவார். ஆனால் அவரும் அலுவலக வாசலிலேயேதான் நின்றுகொண்டிருப்பார்.

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. தேவசிகாமணிதான் உரக்கப் படித்தார். ஆறு மாணவர்களுக்கு அனுமதி. முதலில் ஒரு வருஷத்துக்கு மட்டும். பிறகு மறு ஆய்வு. புது எடைக்கற்கள் வாங்க வேண்டும். பழைய பெட்டியைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கல்லும் எவ்வளவு இழந்தது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

"கெடச்சிட்டு வே!" என்று அவர் நேசையாவின் தோளைத் தட்டினார்.

"ஒரு வருஷம்தானே அண்ணாச்சி" என்றார் நேசையா. "மறுபடி வருவாரே."

கருத்தையா தலையைச் சொறிந்தான். "அப்ப புதுக் கல்லு வந்தா அதைத் துலக்க வேண்டாம், என்னய்யா?"

தேவசிகாமணி வயிறு குலுங்கச் சிரித்தார். நேசையா அங்கே இல்லை. வராந்தாவில் வேகமாக நடந்து தராசு அறையைத் திறந்து, கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். இரண்டு தட்டும் காலியாகத்தான் இருந்தன. கதவைப் பூட்டிக்கொண்டு பாதி தூரம் வந்தவர், திரும்பிப் போய் இன்னொரு முறை பார்த்தார்.