கேட்டால்தான் தண்ணீர்

மெல்போர்னில் கமர் ஜஹானின் வீட்டில் ஒரே சட்டம்தான். தமிழில் கேட்டால்தான் எதுவும் கிடைக்கும். சின்ன வயதில் ஒருமுறை மகள் ஆலியா காய்ச்சலில் கிடந்து "வாட்டர், வாட்டர்" என்று முனகியபோதுகூட அம்மா டம்ளரும் கையுமாகக் கல்லாக நின்றாள். "தண்ணின்னு சொல்லு, தரேன்." அழுது, திக்கிச் சொன்ன பிறகுதான் டம்ளர் வாய்க்கு வந்தது. ஆலியாவின் தமிழ் அப்படி வளர்ந்த தமிழ். அதில் பெருமைப்பட அவளுக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை.

மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜமால் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. தில்லை நகர் ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்க் கிடந்தாள். பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "கையைக் காட்டினதும் கொடுத்துடாதீங்க. வாயால கேக்க வைங்க."

அம்மாவின் கண் ஆலியா கையிலிருந்த டம்ளர் மேலேயே இருந்தது.

"சொல்லும்மா. தண்ணி."

உதடு கோணியது. சத்தம் வரவில்லை.

"குடுத்துடும்மா ஆலியா, பாவம்" என்றார் மாமா.

"இருங்க மாமா. கேக்கட்டும்." அம்மாவின் பழைய குரல் அப்படியே தன் வாயிலிருந்து வந்ததில் ஆலியாவுக்கே திக்கென்றது.

அம்மா கழுத்து நரம்பு புடைக்க மூச்சைத் திரட்டினாள். "வா... வாட்டர்."

உடனே கொடுத்திருக்க வேண்டும். ஆலியாவின் கை நகரவில்லை. சின்ன வயதுப் பழக்கம், ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தை அம்மா பார்த்துவிட்டாள். தப்புச் செய்துவிட்ட பிள்ளையைப் போல வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு எவ்வளவு கெஞ்சி ஸ்பூனில் தண்ணீரை நீட்டியும் அவள் வாயைத் திறக்கவில்லை.