நாலாம் எண் மைக்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. பக்கத்தில் நின்றுகொண்டே நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி.

எடமலைப்பட்டி புதூர் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து, பாடகர் குழுவினர் மைக்குகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். இருபது வருடமாகக் குழுவில் பாடும் ஜெஸிமாக்கா, மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைப் பார்க்கும் அடைக்கலராஜிடம் போனார்.

"தம்பி, குவைத்துல என் மக ஜோதி வாராவாரம் நம்ம பூசைய போன்ல பாக்குறா. கிட்டாரு கேக்குதாம், கீபோர்டு கேக்குதாம், இந்தா, இங்க நிக்கிற பிரேமா குரலும் கேக்குதாம். 'உன் வாய் அசையுதும்மா, சத்தம் மட்டும் வரல'ங்குறா. அவ போன்ல எதும் கோளாறா இருக்குமோ?"

அடைக்கலராஜ் குனிந்து, சுருட்டி வைத்த வயரையே மறுபடி சுருட்டினான். அந்தப் பிரேமாவான நானும் குனிந்துகொண்டேன்.

2

முதல் வரி எழுதிப் பார்த்தேன்: "காவிரிப் பாலத்தில் பஸ் நின்றபோது..."

[எதற்கு? திருச்சிக் கதை என்றால் காவிரியும் ஸ்ரீரங்கம் கோபுரமும் வந்து ஆஜராக வேண்டுமா? அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: "கிட்டார் நுழைந்த நாளிலிருந்து கோயிலின் அமைதி..."

[சுத்தப் பொய். எனக்குக் கிட்டார் பிடிக்கும். எங்கள் குழுவின் ஸ்தனிஸ்லாஸ் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் கைதட்டுவார். கிட்டார் யார் வாயையும் பொத்தவில்லை.]

பொத்தியது மனிதர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

போன வருடம் பூசையை ஆன்லைனில் காட்ட ஆரம்பித்தபோது, குழுத் தலைவன் ஸ்தனிஸ்லாஸ் சொன்னான்: "ஜெஸிமாக்கா குரல் தனியாத் துருத்திக்கிட்டு நிக்குது. கிட்டாரோட ஒட்டவே மாட்டேங்குது. பாக்குறவங்க வேற சேனலுக்குப் போயிருவாங்க."

முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் இல்லாத கும்பல் இது. அதனால் நாலாம் எண் மைக் அவர் கைக்குப் போனது. அதில் பச்சை விளக்கு பளிச்சென்று எரியும். மிக்ஸரில் நாலாம் எண்ணின் சத்தம் மட்டும் அடியோடு இறக்கப்பட்டிருக்கும்; எல்லோரும் சேர்ந்து பாடும் இரைச்சலில் அவருக்கு அது தெரியாது.*

ஒரு வருடம்! "சாமிக்குக் கேட்டிருக்குமே" என்று யாராவது என்னிடம் சொல்லிப் பாருங்கள், நடக்கிறது வேறு. சாமிக்குக் கேட்டிருக்கும், சரி. பெற்ற மகளுக்கு?

*பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று, பிரசங்கம் நடக்கும் நேரத்தில் அந்த மைக்கை அவர் ஆஃப் செய்து வைப்பார். இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். இருக்கட்டும், எனக்கு எரியட்டும்.

4

ஸ்தனிஸ்லாஸை இன்னும் கொஞ்சம் கெட்டவனாக்கினால் கதை நிற்கும். திமிரான சிரிப்பு ஒன்று வைக்கலாம். அவன் உதட்டைச் சுழித்து...

[போதும், பிரேமலதா.]

துணிச்சல் இல்லை என்று மேலே எழுதினேனே, அது புளுகு. அவனுக்கு இருந்தது. "அக்காகிட்ட நானே சொல்லிடுறேன்" என்று கிளம்பியவன்தான். "ஐயோ வேணாம் ஸ்தனிஸ், பாவம், மனசு விட்டுருவாங்க. மைக்கைக் கையில குடுத்துட்டு சவுண்டை மட்டும் கொறச்சிரலாமே" என்று தடுத்தது யார்?

நான்தான். பெரிய தயாளகுணம்! அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன் வேறு. எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தில் இந்தப் பேனா உடைந்தாலும் ஆச்சரியமில்லை.

5

முடிவு அ: அடைக்கலராஜ் யாருக்கும் சொல்லாமல் நாலாம் எண்ணை ஏற்றிவிடுகிறான். ஜோதிக்குக் கேட்கிறது. அக்காவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. [மறுபடியும் அதே தயாளகுணம். சீ!]

முடிவு ஆ: நான் உண்மையைச் சொல்லி அழுகிறேன். அக்கா மன்னிக்கிறார். [மன்னிப்பார் என்று எழுத நான் யார்?]

இன்று மாலை ஒத்திகைக்கு வந்த அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பிரேமா, ஜோதி புதுப் போனு வாங்கிட்டா! நாளைக்கு நல்லாப் பாடணும். இந்தத் தடவ அவளுக்குக் கேட்டுரும்."

நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு வந்துதான் இதை எழுதி முடிக்கிறேன்.

6

இதற்கு முடிவு எழுத மாட்டேன். அவருக்காக நான் தீர்மானித்தது ஒருமுறை போதும். நாளைக் காலை, பூசைக்கு மணி அடிக்குமுன், இந்தத் தாள்களை இதன் முதல் வாசகர் கையில் கொடுக்கப்போகிறேன். கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் என்ன வரும் என்பது அவர் பாடு.

அக்கா, இதுவரைக்கும் படிச்சிட்டீங்களா?

ஜோதி போன்ல ஒரு கோளாறும் இல்லக்கா. பழைய போன்லயும் இல்ல.