வேரைப் பட்டினி போட்டவள்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் சரளாவுக்கும் அவள் கணவன் துவாரகனுக்கும் வாடகைத் தோட்டத்துண்டு ஒன்று கிடைத்தது. கூடவே இலவசமாகக் கீர்ஷும் கிடைத்தது. மூன்று மூன்று இலையாக, பார்வைக்குச் சாதுவான களை. ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் துவாரகன் அதைத் தரையோடு வழித்தெடுத்தான்.

"கதை முடிஞ்சுது. மிச்சத்தைப் பனி பாத்துக்கொள்ளும்."

ஏப்ரலில் அது முன்னையதைவிடச் செழிப்பாக வந்து நின்றது.

சரளா குந்தியிருந்து மண்ணைக் கிளறினாள். வெள்ளை வெளேரென்று கொழுத்த வேர்கள்.

"இஞ்சை பாருங்கோ! கோடை முழுக்க இலை சமைச்ச சாப்பாட்டை, நீங்கள் வெட்டமுன்னமே வேருக்கை இறக்கிப்போட்டுது. குளிருக்கு அதைத் திண்டுகொண்டு சுகமாக் கிடந்திருக்கு."

"அப்ப வேரையே ஒரு கை பாப்பம்," என்று துவாரகன் மண் கிளறும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தான்.

"ஐயோ, வெட்டுப்படுற ஒவ்வொரு துண்டும் முளைக்குமப்பா!"

அவன் கேட்கவில்லை. தோட்டத்தின் நடுவே கயிறு கட்டினார்கள். அவன் பாதியில் மெஷின் உறுமியது. சரளா தன் பாதியில் வாராவாரம் தளிர்களை மட்டும் நறுக்கினாள். இலையில்லாவிட்டால் புதிதாகச் சேமிக்க ஏது? வேர் தன் இருப்பைத் தானே தின்று தீர்க்கட்டும்.

நறுக்கிய தளிரை எறிய மனம் வரவில்லை. அவளோடு வேலைசெய்யும் ஜெர்மன்காரி அதைக் கீரையாகச் சமைப்பதாகச் சொல்லியிருந்தாள். சரளா பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறை செய்தாள்.

"நல்லாயிருக்கு. தமிழ்க் கடையிலையோ வாங்கினனீர்?" என்றான் துவாரகன்.

"இல்லை. எங்கட கீர்ஷ்."

அவன் கை வாய்க்குப் பாதிவழியில் நின்றது.

"சரி, இன்னும் கொஞ்சம் போடும்."

ஜூனில் அவன் பாதியில் வெட்டுப்பட்ட துண்டெல்லாம் செடியாகி நின்றது. சரளாவின் பக்கத்தில் ஓகஸ்ட் மாதம் நூல்போல நாலைந்து தண்டுகள்தான் தலைகாட்டின. துவாரகன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினான்.

அடுத்த வசந்தத்தில் சரளாவின் பக்கத்தில் ஒரு பிடி வறைக்குக்கூட இலை தேறவில்லை. சட்டியோடு மெல்ல அவன் பக்கம் போனாள்.

"ஆரின்ரை தோட்டத்திலை ஆர் கீரை ஆயுறது?" என்று அதட்டியபடியே துவாரகன் கத்தரிக்கோலைத் தேடினான்.