செக்ரோலில் ஒரே மோசஸ்

கோத்தகிரிக்குக் கீழே சின்ன எஸ்டேட்டின் பதினோராம் நம்பர் காட்டில், தேயிலைச் செடிகளுக்கு ஒரு முழம் மேலே, ஒரு விண்மீன் மண்டலம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு புட்பால் மைதானத்து அகலம் இருக்கும். அதன் நடுவில் கிணற்று வாயளவு கருந்துளை. மேஸ்திரிமார் அந்தப் பக்கம் ஆள் அனுப்புவதில்லை. இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆடியில் புதிதாக வந்த ஒரு துரை, செடி காடாய் வளர்ந்து கிடக்கிறதே என்று சத்தம் போட, கவாத்துக்காரன் மோசஸை அனுப்பினார்கள். ஒரு எட்டு கூடுதலாக வைத்துவிட்டான். விழவும் இல்லை, திரும்பவும் இல்லை. கருந்துளையின் விளிம்பில் பாதி திரும்பிய நிலையில் அப்படியே நின்றான். அங்கிருந்து கிளம்பும் வெளிச்சம் வெளியே வந்துசேரவே வருடங்கள் ஆகுமாம். ஆள் உள்ளே போய்விட்டான், நமக்குத் தெரிவது அவனுடைய கடைசிக் கணம்தான் என்று படித்தவர்கள் சொன்னார்கள்.

அவன் மனைவி ஜூடித் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு தினமும் வந்து பார்ப்பாள். வருடத்துக்கு வருடம் அவன் சிவந்துகொண்டே மங்கினான். அவளுக்கு நாற்பது தாண்டி, நாற்பத்தைந்து தாண்டி, அவனைவிட மூத்தவளாகிவிட்டாள். அவனுக்கு மட்டும் நாற்பத்தொன்று. எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு அவன் பேரில் இருந்தது. அவள் டெம்பரவரி. அவன் இறந்தான் என்று செக்ரோலில், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேட்டில், ஒரு வரி எழுதினால் அவன் வேலையும் வீடும் அவளுக்கு வரும், எழுதாவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் சட்டி பானையைத் தூக்கி வெளியே வைப்பார்கள். ஆனால் கண்ணெதிரே நிற்கிறவனை எப்படி இறந்தான் என்று எழுதுவது என்றது ஆபீஸ். ஆள் நிற்கும்போது அடக்க ஆராதனை நடத்த முடியாது என்றார் ஆயர். செக்ரோலில் மோசஸுக்கு நேரே நாள் தவறாமல் லீவ் என்று விழுந்தது. சொல்லாமல் எடுத்த லீவ் என்று வருடத்துக்கு ஒரு மெமோ வேறு. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டதும் ஜூடித்தான்.

இரண்டாயிரத்து இருபதில் ஒரு கம்பெனி சின்ன எஸ்டேட்டையும் பக்கத்துப் பெரிய எஸ்டேட்டையும் சேர்த்து வாங்கியது. அதே வாரம், பெரிய எஸ்டேட்டின் பள்ளத்தை அடைத்துக் கிடந்த இன்னொரு பெரிய விண்மீன் மண்டலம், நடுவில் தன் கருந்துளையோடு, மேட்டிலிருந்த சின்னதை நோக்கிச் சாய்ந்தது. ஊட்டியிலிருந்து தீபக் என்ற வானியல்காரர் கருவிகளோடு வந்தார். வானத்தில் இதற்குக் கோடிக்கணக்கான வருடம் ஆகும், இங்கே ஏன் இவ்வளவு அவசரம் என்று தலையைச் சொறிந்தார். எஸ்டேட்டில் எல்லாமே அவசரம்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தபோது ஒரு நட்சத்திரம்கூட இன்னொன்றில் மோதவில்லை, அவற்றுக்கு நடுவே அவ்வளவு இடம் இருந்தது. சின்னதுதான் பிய்ந்தது. அதன் ஓரத்து நட்சத்திரங்கள் வால்போல் இழுபட்டுக் குன்னூர் ரோடு வரை தொங்கின, பஸ்கள் அதற்குள் புகுந்து போயின. சின்ன எஸ்டேட் ஆட்களில் பாதிப் பேரும் அந்த வருடமே திருப்பூர்ப் பக்கம் சிதறினார்கள். இரண்டு மண்டலத்து வாயுவும் மோதிக்கொண்ட இடத்தில் புது நட்சத்திரங்கள் நீலநீலமாகப் பிறந்தன. கம்பெனி படம் எடுத்துக் காலண்டர் அடித்தது. மிச்ச வாயு கருந்துளைகளுக்குள் இறங்க, அவை தின்று கொழுத்து, கண் கூசும்படி எரிந்து, அந்த எரிச்சலில் கிளம்பிய காற்று மீதி வாயுவை மசினகுடிக்கு அப்பால் ஊதித் தள்ளியது. இனி இங்கே புது நட்சத்திரம் பிறக்காது, இருக்கிறது சிவந்து கிழடாகும், அவ்வளவுதான் என்று தீபக் எழுதிக்கொண்டார்.

கருந்துளைகள் இரண்டும் நடுவுக்கு இறங்கி ஒன்றையொன்று சுற்றின. மோசஸும் சேர்ந்து சுற்றினான். அணைகிற கரி போல அவன் கடந்து போவதை ஜூடித் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றானால் அவர் தெரிய மாட்டாரா என்று தீபக்கிடம் கேட்டாள். தெரிய மாட்டார் என்றார். அப்படியானால் எழுதித்தானே ஆகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. புருஷன் மறையும் நாளை எண்ணிக் காத்திருக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எண்ணினாள். பதினொரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, டீ இடைவேளையில், அவை கலந்தன. மலை ஒருமுறை மணிபோல அதிர்ந்தது, பாத்திரங்கள் நடுங்கின. மோசஸ் இல்லை. ஜூடித் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே ஆபீஸுக்குப் போனாள்.

கிளார்க் கீர்த்திவாசன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இரண்டு எஸ்டேட் செக்ரோலையும் சேர்த்தபோது ஒரே பேரும் ஒரே வேலையும் இருந்தவர்களை ஒரே ஆளாக்கிவிட்டார்கள். பெரிய எஸ்டேட்டிலும் கவாத்துக்கு ஒரு மோசஸ் இருந்தார்.

"ஏனுங்கக்கா, அவருதான் வேலைக்குத் திரும்பிட்டாருங்களே. நேத்தும் பேர் விழுந்திருக்கு, இன்னைக்கும் விழுந்திருக்கு."

"அது பெரிய எஸ்டேட்டு மோசஸுங்க சார்."

"இப்ப எஸ்டேட்டே ஒண்ணுதானுங்க."

வேலைக்கு வருகிறவனை எப்படி இறந்தான் என்று எழுதுவது? அடுத்த வாரம் அந்த மோசஸ் தூறலில் நனைந்தபடி ஜூடித்தின் வாசலில் வந்து நின்றார். பெண்டாட்டியை இழந்தவர், ஐம்பத்தைந்து வயது, கையில் ஒரு பை. அவருடைய லைனை இடித்துவிட்டார்கள். செக்ரோலில் மோசஸுக்கு வீடு நம்பர் நான்கு, மனைவி ஜூடித் என்று இருந்தது.

"நான் என்னங்க பண்ணட்டும்," என்றார், தலையைத் தூக்காமல். "எம்பட ஊடு ரோல்லயே இல்லைங்க."

ஜூடித்துக்கு வந்த ஆத்திரத்தில் அரிவாளைத்தான் தேடியிருக்க வேண்டும். மழை வலுத்தது. "செருப்பக் கழட்டிட்டு வாங்க," என்றாள். அறையின் குறுக்கே ஒரு சேலையைக் கட்டினாள். இரண்டு வருடம் சேலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். விறகு உடைத்துப் போடுவார், குழம்பில் உப்புக் குறைந்தால் சொல்ல மாட்டார். சேலை அவிழ்க்கப்படவே இல்லை. லைனில் முதலில் சிரித்தார்கள், பிறகு அதுவும் அலுத்துவிட்டது. சிவந்த மண்டலத்தின் அடியில் குளிர் அடங்கியிருப்பதால் துணி சீக்கிரம் காய்கிறது என்று பெண்கள் கொடி கட்டிக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு தை மாதம் அவர் நிமோனியாக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். உடல் இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். அன்று மாலையே செக்ரோலில் மோசஸ் இறந்தார் என்று ஏறியது. வேலையும் வீடும் ஜூடித் பேருக்கு வந்தன. ஆயர் முழு ஆராதனையும் நடத்தினார். சிலுவையில் மோசஸ் என்று மட்டும் எழுதினால் போதும் என்றாள் அவள். பெட்டியை இறக்கும்போது மார்பில் அடித்துக்கொண்டு, பத்தரை வருட அழுகையையும் சேர்த்து அழுதாள். எந்த மோசஸுக்கு என்று யாரும் கேட்கவில்லை.