கடல் தாண்டி வந்த கல்

சமையல் மேடைக் கிரானைட் கடல் தாண்டி வந்தது என்று மாமனார் சொல்லக் கேட்டு அலுக்காத ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது. துணி விரிக்காமல் சூடான பாத்திரத்தை அதில் வைத்துவிட்டால் வீடு இரண்டாகிவிடும்.

மருமகள் பாறை ஆராய்ச்சிக்காரி. பக்கத்து மலையில் மூன்று இடங்களில் கல் உடைத்து வந்து, தனித்தனிப் பைகளில் கொல்லையில் வைத்திருந்தாள். சும்மாதானே கிடக்கிறது என்று மாமனார் அதில் ஒன்றைக் கொத்தனாரிடம் எடுத்துக் கொடுக்க, அது குளியலறைப் படிக்குள் போய்ச் சேர்ந்தது. அது ஆராய்ச்சிக்கு வைத்த கல் என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மேடை போட்டதில் மிஞ்சிய துண்டைத் தேடியெடுத்து, பளபளப்பைக் கொத்தித் தள்ளிவிட்டு, காலிப் பைக்குள் போட்டு வைத்தார்.

மூன்றும் பொடியாகி ஆய்வகம் போயின. முடிவு வந்த அன்று மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா, ஐசோடோப்புங்கறது கல்லோட கைரேகை மாதிரி. எங்க உருகிப் பிறந்ததுன்னு காட்டிக் குடுத்துடும். மூணும் ஒரே பாறைக்குழம்புல பிறந்தது. அச்சு அசல் நம்ம மலை!"

மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. தப்பான ஆராய்ச்சியைப் போய் ஊருக்கெல்லாம் சொல்லப்போகிறாளே!

"அவசரப்படாதேம்மா," என்று நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். "அதுல ஒண்ணு நம்ம மேடைக் கல்லு. கடல் தாண்டி வந்தது. மெஷின்லதான் ஏதோ கோளாறு."

மருமகள் தாளைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். "மெஷின் சரியாத்தான் சொல்லுது மாமா," என்றாள், முடிந்தவரை மெதுவாக.

மெதுவாகச் சொல்லி என்ன பயன்? சமையலறையில் 'ணங்' என்று சத்தம் கேட்டது. கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி, துணியில்லாமல் மேடையில் வைத்திருந்தாள் மாமியார்.