ஷகீலின் நாலு நிமிஷம்

எங்கள் ராக் குழுவில் பாடுகிறவள் நான் ஒருத்திதான். அப்படியிருக்க, காரைக்கால் கடற்கரை நிகழ்ச்சிக்கான பாட்டுப் பட்டியலில் மூன்றாவது பாட்டுக்குக் கீழே 'ஷகீல் – அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும், 4 நிமிஷம்' என்று இருந்தால் எனக்கு வயிறு எரியாதா?

"யாரைக் கேட்டுப் போட்டே?" என்றேன்.

"சும்மா ஒரு மாறுதலுக்குத்தான், சுகிர்தா," என்றான் ஷகீல். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சும்மாவாம்! எட்டு வருஷமாக எலக்ட்ரிக் கிட்டாரைக் காது கிழிய அலறவிட்டவனுக்கு, பாட்டே இல்லாத வாசிப்பு இப்போது எதற்கு? நெரவியில் அவன் வீட்டு மாடிக்கு ஒத்திகைக்குப் போனால், நான் படியேறும் சத்தத்துக்கே அந்த வாசிப்பு நின்றுவிடும். அவனும் டிரம்ஸ் வாசிக்கும் முத்தமிழும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் மழை வருமா என்று பேசுவார்கள்.

போன மாதம் தஞ்சாவூரில் டாக்டர் என் தொண்டையைப் பார்த்துவிட்டு, சின்னக் கட்டி இருக்கிறது, பாட்டைக் குறைத்துக்கொள் என்றார். வீட்டில்கூட யாரிடமும் நான் சொல்லவில்லை. இவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். பாண்டிச்சேரியிலிருந்து எவளையோ கொண்டுவந்து அந்த நாலு நிமிஷத்தில் மேடையேற்றப் போகிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

நிகழ்ச்சியன்று மூன்றாவது பாட்டின் கடைசி வரியில் என் குரல் பிசிறடித்தது. விளக்கு ஷகீல் பக்கம் போயிற்று. நான் மேடை ஓரத்துக்கு வந்து, எதிர்ப்பக்கத் திரையையே முறைத்துக்கொண்டு நின்றேன். வரட்டும், எவள் என்று பார்த்துவிடுகிறேன்.

எவளும் வரவில்லை. முத்தமிழ்தான் பிளாஸ்க்கும் டம்ளருமாக வந்தான்.

"உக்காருங்கக்கா. மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலு. வாசிச்சு முடிக்கிறவரைக்கும் உங்களப் பேச விடாதன்னு ஷகீல் அண்ணன் சொல்லிச்சு."

"எதுக்குடா?"

"மூணு பாட்டு ஆனா நீங்க ஒளிஞ்சு நின்னு இருமுறீங்கள்ல? இதுக்குத்தான்னு சொன்னா சண்டைக்கு வருவீங்க. அதான் சொல்லல."

அடச்சே! என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். முத்தமிழின் முகத்தைப் பார்க்காமல் பாலை ஊதி ஊதிக் குடித்தேன்.

வாசிப்பு முடிகிற இடத்துக்கு வந்தது. ஷகீல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். டம்ளரில் இன்னும் பாதிப் பால் இருந்தது. அவன் திரும்பிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி வாசித்தான்.